சகலை போட்ட கார்டுகள்

என் சகலைக்காக நான் செய்த ஒரே உபகாரம், அவன் வடக்கே போனபோது போட்ட கார்டுகளை மாமனார் வீட்டில் உட்கார்ந்து எல்லோருக்கும் படித்துக் காட்டியதுதான். அதையும் யோக்கியமாகச் செய்யவில்லை.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். நான் பள்ளிபாளையத்தில் சொந்தமாகத் தறி போட்டு நெய்துகொண்டிருந்தேன். மாமனார் வீடு அடுத்த தெருவில். அவன் சூரமங்கலத்தில் குடியிருந்து, சேலத்தில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்த ஒரு சேட்டுக்குக் கார் ஓட்டினான். எங்கள் தெருச் சரக்கில் பாதியை வாங்குகிறவர் அந்தச் சேட்டுதான். மாதத்துக்கு இரண்டு தடவை சரக்குப் பார்க்க வருவார். சேட்டு வந்தால் கார் வரும், கார் வந்தால் சகலை வருவான்.

அவன் வருவதற்கு முன்னால் நாலு வருஷம் அந்த வீட்டுக்கு நான் ஒருவன்தான் மாப்பிள்ளை. பந்தியில் முதல் இலை எனக்கு. என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மாமியார் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் கேட்பார், அவ்வளவு மரியாதை. இவன் காக்கிக் கோட்டும் தோல் செருப்புமாக வந்து இறங்கிய முதல் நாளே, அதே மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, தெருவே பார்க்க, காரில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை அமுக்கிப் பார்த்தார். அந்தச் சத்தம் என் தறிக்குழி வரைக்கும் கேட்டது. அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் எனக்கு.

அவன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். வாயைத் திறந்தால் 'அண்ணா, அண்ணா' என்பான். வெற்றிலை போடமாட்டான், கள்ளுக்கடைப் பக்கம் போகமாட்டான். குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் கண்டுபிடித்தது அவன் கையெழுத்து. நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன், என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவன் எழுத்து மழைக்குப் பிறகு கோழி நடந்த வாசல் மாதிரி இருக்கும். அந்த ஒன்றில் கொஞ்ச காலம் ஆறுதல் அடைந்தேன்.

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, ஒரு மார்கழியில், சேட்டு சரக்குப் பார்க்க வந்தவர் பார்க்காமலே உட்கார்ந்துவிட்டார். அவர் பிறந்த ஊர் மார்வாடில் பாலைவனத்து ஓரம். மூன்று வருஷமாக மழையே இல்லையாம். கிணறுகள் வற்றி, மாடெல்லாம் செத்து, ஜனங்கள் கட்டிக்கொள்ளத் துணியில்லாமல் இருக்கிறார்கள் என்று கடிதம் வந்திருந்தது. காரில் துணியை ஏற்றிக்கொண்டு தானே போவதாக முடிவு செய்திருந்தார். ரயிலில் போட்டால் என்ன என்று என் மாமனார் கேட்டார். ரயிலில் மூட்டை போய்ச் சேரும், ஆனால் வழியில் ஊர் ஊராக இருக்கிற தன் ஜனங்களிடம் நேரில் போய் நின்று கேட்டால்தான் அவர்களும் எடுத்துக் கொடுப்பார்கள் என்றார் சேட்டு. ரயில் இறங்கிய பிறகும் அவர் ஊருக்கு இரண்டு நாள் மணலில் போக வேண்டுமாம்.

எங்கள் தெரு அன்றைக்கே கூடிப் பேசித் தறிக்கு ஒரு சேலை கொடுப்பது என்று ஒத்துக்கொண்டது. எங்களிடம் வேறென்ன இருந்தது கொடுப்பதற்கு? தை பிறந்து பத்தாம் நாள் கார் வரும், அதற்குள் நெய்து முடிக்க வேண்டும். எந்தச் சேலை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிய ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பேர் எழுதிய சீட்டு தைத்திருக்க வேண்டும். சீட்டெல்லாம் நான்தான் எழுதினேன்.

காரில் பின்சீட்டைக் கழற்றிவிட்டுத் துணி அடுக்குவதாக ஏற்பாடு. முன்னால் சகலையும் சேட்டும். பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஆள் உட்காரலாம் என்று ஒரு பேச்சு வந்தது. ஊர் ஊராகக் கட்டைப் பிரித்துக் காட்டி மறுபடி கட்டிவைக்க, துணி தெரிந்தவன் வேண்டுமல்லவா? எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் அதுவரைக்கும் வடக்கே பார்த்தது சேலம், தெற்கே பார்த்தது கொடுமுடி. பாலைவனம் என்றால் மணல் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக் கேட்டதோடு சரி. அந்த ஒரு வாரம் தறியில் உட்கார்ந்தால் கால் மிதிக்கிறது, மனசு தொப்பூர்க் கணவாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. புதுசாக இரண்டு பனியன் வாங்கினேன். டீக்கடையில், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், நானும் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாமனார் எனக்காகக் கேட்டார். எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"மூத்த மாப்ளையும் கூட வரட்டுமே. துணி தெரிஞ்ச ஆளு."

சகலை கொஞ்சம் யோசித்தான். கிண்டல் செய்கிறவன் முகம் இல்லை அது, கணக்குப் போடுகிறவன் முகம். அதுதான் பொறுக்கவில்லை.

"அண்ணன் உக்கார்ற எடத்துல நாலு கட்டுத் துணி போகுமுங்க மாமா" என்றான்.

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் சிரித்தார். அவன் பெண்டாட்டி சிரித்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது என் பெண்டாட்டியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை, நாலு கட்டு என்றால் இருபது பேருக்குத் துணி. அது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? பனியனை என்ன செய்வது என்றுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் தறியில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அவன் காரில் ஊர்வலம் போக நான் உழைக்க வேண்டுமா?

நான் கைவேலை தெரியாதவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கல்யாணமான வருஷம் என் மனைவிக்கென்று ஒரு சேலை நெய்தேன். அரக்குச் சிவப்பு உடல், மஞ்சள் கரை, முந்தியில் சின்னச் சின்னதாகக் கோடு. கூலி வேலைக்கு நடுவில் நேரம் பிடுங்கி ஒரு மாதம் நெய்தது. ஒரு இழை தள்ளி ஒரு இழை இருக்காது. சரக்குப் பார்க்கிற கிழவர்களெல்லாம் அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள், எங்கள் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அவள் அதை வருஷத்தில் ஒரு நாள், ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றுக்குப் போகும்போது மட்டும் உடுத்துவாள். மற்ற நாளெல்லாம் பெட்டிக்குள் இருக்கும்.

அந்தக் கையால்தான் தர்மத்துக்கு ஒரு மோசடிச் சேலை நெய்தேன். குறுக்கே போகிற ஊடை இழையை நெருக்கி அடிக்காமல், தளர்த்தி விட்டுக்கொண்டே போனேன். மூன்று இழை விழ வேண்டிய இடத்தில் இரண்டு. நெய்து முடித்ததும் அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகப் பூசிக் காயவைத்தேன். பார்த்தால் அப்பளம் மாதிரி விறைப்பாக நிற்கும். முதல் தண்ணீரில் நனைத்தால் கொசுவலை. கஞ்சியில் மறைப்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த திருட்டுத்தனம். சந்தைச் சரக்கில் செய்வார்கள். தானத்துக்குக் கொடுக்கிற துணியில் செய்தவன் நானாகத்தான் இருப்பேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். தறியில் உட்காருகிறவன் புருஷன் என்றால், ஊடை நூலைத் தார் என்கிற சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கிறவள் பெண்டாட்டி. ஒரு சேலைக்கு எத்தனை தார் என்பது அவள் விரலுக்குத் தெரியும். அந்தச் சேலைக்கென்று அவள் சுற்றி வைத்ததில் மூன்றில் ஒரு பங்கு கூடையில் மிஞ்சிக் கிடந்தது. மிஞ்சிய தாரைக் கூடைக்கு அடியில் பழந்துணி போட்டு மூடினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் காணோம். வேறு சேலைக்கு எடுத்திருப்பாள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

சேலையை மடித்துச் சீட்டோடு அவளிடம் கொடுத்து, "நீயே தெச்சு உங்கப்பன் ஊட்டுல குடுத்துடு" என்றேன். எல்லா வீட்டுச் சேலையையும் மாமனார் வீட்டில் வைத்துப் பெண்கள்தான் கட்டுக் கட்டினார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

கார் புறப்பட்ட அன்றைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. கூரை மேல் மூட்டை, அதன் மேல் தார்ப்பாய், பக்கவாட்டில் பெட்ரோல் டின். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு சகலை ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டான். மாமியார் ஒரு பித்தளைச் சொம்பில் காவேரித் தண்ணீர் எடுத்து, வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தார்.

"தண்ணியில்லாத ஊருக்குப் போறீங்க சாமி, பத்திரம்" என்று அவர் அழுதார். என் கல்யாணத்துக்குக்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"போயிட்டு வாரேனுங்க அண்ணா" என்று என்னிடமும் வந்து நின்றான். சரி சரி என்றேன். கார் போனதும் டீக்கடைப் பக்கமாகப் போகாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு கார்டுகள் வர ஆரம்பித்தன. அவன் பெண்டாட்டி அப்பா வீட்டுக்கு வந்து தங்கியிருந்ததால் எல்லாம் அங்கேதான் வரும். வந்தால் என்னைக் கூப்பிட்டு விடுவார்கள். அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் வாயாலேயே அவன் பெருமையை நான் படிக்க வேண்டும், இதற்கு மேல் ஒரு தண்டனை உண்டா?

முதல் கார்டு பெங்களூரிலிருந்து. மேடு ஏறும்போது வண்டி சூடானதையும், சேட்டின் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு மூட்டைக் கம்பளி கொடுத்ததையும் எழுதியிருந்தான். 'சேட்டு என்னைத் தம்பி என்று கூப்பிட்டார்' என்று கடைசியில் ஒரு வரி. அதை விட்டுவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது? விட்டதில் ஒரு சுகம் இருந்தது, உப்புக் குறைத்துப் பரிமாறுகிற மாதிரி.

பூனாவிலிருந்து வந்ததில், மலைப்பாதையில் எதிரே வந்த மாட்டு வண்டிக்கு ஒதுங்கி, ஒரு சாண் இடைவெளியில் பள்ளத்தில் விழாமல் தப்பியதைச் சொல்லியிருந்தான். 'மலைப்பாதை கொஞ்சம் கஷ்டம்' என்று படித்தேன். அகமதாபாத்துக் கார்டில் ஒரு ஆலைக்காரர் இவன் ஓட்டுகிறதைப் பார்த்துத் தன்னிடம் வேலைக்கு வரச் சொன்னதையும், இவன் மாட்டேன் என்றதையும் எழுதியிருந்தான். 'இங்கே தினமும் ரொட்டிதான்' என்ற வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

"ஐயோ, சோறே இல்லைங்களா மாமா?" என்று அவன் பெண்டாட்டி கண் கலங்கினாள்.

"கெடையாதாம்" என்றேன்.

பாலைவனத்துக் கார்டு மாசி நடுவில் வந்தது. பாதை என்று ஒன்று கிடையாதாம், ஒட்டகம் நடந்த தடம்தான். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு ஓட்ட வேண்டுமாம். அப்படியும் நாலு தடவை புதைந்துபோய், சாக்கை விரித்துச் சக்கரத்தை ஏற்றியிருக்கிறான். ஐந்தாம் தடவை ஒன்றும் பலிக்கவில்லை. வழியில் வந்த ஒருவர் தன் ஒட்டகத்தைக் கொண்டுவந்து கயிறு கட்டிக் காரை இழுத்துவிட்டிருக்கிறார். இதை மட்டும் நான் ஏற்ற இறக்கத்தோடு, ஒட்டகம் மாதிரிக் கழுத்தை நீட்டிக்கூடப் படித்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு ருசியாக இறங்கியது. தண்ணீர் தீர்ந்துபோய், இவன் தன் பங்குத் தண்ணீரை இன்ஜினுக்கு ஊற்றிவிட்டு, மாமியார் கொடுத்த சொம்பை நாள் முழுக்க ஒவ்வொரு வாயாகக் குடித்தான் என்று அடுத்த வரியில் இருந்தது. படிக்கவில்லை. மாமியார் மறுபடியும் அழுதிருப்பார்.

ஒவ்வொரு கார்டுக்கும் என் மனைவி வந்து சுவரோரமாக உட்காருவாள். ஒட்டகக் கார்டு வந்த அன்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்.

"ஏனுங்க, சேலையெல்லாம் குடுத்துட்டாங்களாமா?"

"இன்னும் ஊரே போய்ச் சேரலை."

"நம்ம சேலையப் பத்தி எழுதுனா சொல்லுங்க."

தாரை எண்ணிப் பார்த்திருக்கிறாள், என் வாயைக் கிளறிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். "அத்தனை சேலையில நம்ம சேலையை எவன் பாக்கறான்?" என்று எரிந்து விழுந்தேன்.

அவன் பார்த்திருந்தான். கடைசிக் கார்டு மாமனாருக்கு வரவில்லை, என் பேருக்கே வந்தது. தபால்காரர் தறிக்கே வந்து கொடுத்தார். அவள் அப்போது துவைக்க ஆற்றுக்குப் போயிருந்தாள். கார்டு முழுக்க இடம் விடாமல் கிறுக்கியிருந்தான்:

'அண்ணாவுக்கு நமஸ்காரம். இங்கே பொம்பளைகள் பாவாடை கட்டித் தலைக்கு முக்காடு போடுகிறவர்கள். ஒரு சேலையை ரெண்டாகக் கிழித்து ரெண்டு பேருக்குக் கொடுக்கிறோம். உங்கள் சீட்டு இருந்த சேலை ஒரு மாமியாருக்கும் மருமகளுக்கும் வந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். இதைக் கிழிக்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குப் போனால், அவள் வருகிற வரைக்கும் இன்னொருத்தி வீட்டிலேயே இருக்கிறாள். இதற்கு ஈடு இந்த லோடிலேயே இல்லை என்று சேட்டு சொன்னார். அக்காவிடம் அவசியம் சொல்லவும்.'

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நெசவு அடர்த்தியா கலக்கமா என்று பார்க்கத்தான் எங்கள் தொழிலில் துணியை வெயிலில் தூக்கிப் பிடிப்பார்கள். கண்டுபிடித்துவிட்டான்! கிழிக்க விடவில்லையாம். என் சேலையைக் கிழிக்க வேறு வேண்டுமா, அது முறைத்துப் பார்த்தாலே கிழியுமே. ஈடு இல்லையாம், சேட்டையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு குத்திக் காட்டுகிறான். அக்காவிடம் அவசியம் சொல்ல வேண்டுமாம், பெண்டாட்டி முன்னால் என் மூக்கை உடைக்க. எப்போதும் 'அண்ணா, அண்ணா' என்று குழைகிறவன் மனசுக்குள் இத்தனை விஷம் வைத்திருந்தானே என்று, சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு ஒரு விதத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசியில் அவனிடம் ஒரு குறை அகப்பட்டுவிட்டது.

கார்டைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். ஏனோ போடவில்லை. பஞ்சாங்கத்துக்கு நடுவில் செருகி, உத்தரத்துச் சந்தில் வைத்துவிட்டேன்.

பங்குனி வெயிலில் கார் திரும்பி வந்தது. முன் மட்கார்டு நசுங்கி, கண்ணாடியில் கீறல் விழுந்து, மேலெல்லாம் அடையாளம் தெரியாத மஞ்சள் புழுதி. பிள்ளைகள் அதைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டன. இறங்கியவன் கறுத்துப் பாதியாக இளைத்திருந்தான். மாமனார் வீட்டில் ஆட்டுக்கறி விருந்து. முதல் இலை அவனுக்கு. நான் இரண்டாம் இலையில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பரிமாறி முடிப்பதற்குள் அவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணா, உங்களுக்குத் தனியா ஒரு கார்டு போட்டனே, கெடச்சுதுங்களா?"

"எந்தக் கார்டு? ஒண்ணும் வரலையே."

"வரலீங்களா? அட, அப்ப நானே சொல்றனுங்க. அக்கா, நீங்களும் கேளுங்க..."

என் மனைவி கறிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நான் அந்த நிமிஷமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வயிற்று வலி தாங்கவில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்று கத்தினேன். அவளையும் வா என்றேன். கை கழுவாத புருஷனுக்குப் பின்னால், தான் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், அவள் வந்தாள். வீட்டில் சுக்கு இடித்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். இல்லாத வலிக்கு அதைக் குடித்தேன்.

"அவரு என்னமோ சொல்ல வந்தாருங்க."

"என்ன சொல்லப் போறான்? ஒட்டகம், மணலு."

"நம்ம சேலையப் பத்தியா இருக்குமோ?"

"அதெல்லாம் எதுவும் இல்லை. போய்ப் படு."

சரிங்க என்றாள். மறுநாள் விடிந்ததும் சகலை பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு சூரமங்கலம் போய்விட்டான். அலைச்சலில் சேட்டுக்கு உடம்பு கெட்டு, சித்திரை வைகாசியெல்லாம் அவர் வரவேயில்லை. கணக்குப்பிள்ளைதான் ரயிலில் வந்து சரக்கு எடுத்துப் போனார். கார் வராத அந்த மாதங்களில் நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. டீக்கடையில் இன்னமும் அவன் பேச்சுத்தான். நான்தான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், புண்ணைச் சொறிகிறவன் மாதிரி.

ஆடிப் பதினெட்டு வந்தது. ஆற்றில் தண்ணீர் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. தெருவில் பெண்களெல்லாம் தட்டில் காதோலை கருகமணியும் காப்பரிசியும் எடுத்துக்கொண்டு, இருப்பதில் நல்லதை உடுத்திக் கிளம்பினார்கள். என் மனைவி தட்டோடு வந்தாள். உடம்பில் நாள்பட்ட பச்சைச் சேலை.

"ஏன், அந்தச் செவப்புச் சேலை எங்கே?"

"இதே நல்லாத்தானுங்க இருக்குது."

"வருஷத்துல ஒரு நாள் கட்டறது. எடுத்துக் கட்டிக்கிட்டுப் போ."

அவள் நகரவில்லை. நானே உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். மேலே இருந்த துணிகளை எடுத்துவிட்டுப் பார்த்தால், சிவப்புச் சேலை இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு சேலை விறைப்பாக மடித்துக் கிடந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. என் கஞ்சி, என் கலக்க நெசவு. அதை விரித்தபோது உள்ளேயிருந்து, கூடையில் நான் மூடி வைத்த தாரெல்லாம் உருண்டு தரையில் விழுந்தன.

அவள் வாசற்படியில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"உங்களை வண்டியில ஏத்தலைன்னு உங்களுக்குக் கோவம். செரி. அந்த ஊர்ப் பொம்பளைங்க உங்களை என்னங்க பண்ணுனாங்க?"

நான் தாரைப் பொறுக்குகிற மாதிரிக் குனிந்தேன்.

"உங்க சீட்டைத் தெச்சு அந்த வலையை அனுப்ப எனக்கு மனசு வரலீங்க. அங்க போயி யாரோ ஒருத்தி அதை நனைச்சுப் பார்த்துட்டு உங்க பேரைச் சொல்லித் திட்டோணுமா? அதான், இருந்ததுல நல்லதா ஒண்ணை வெச்சுட்டேன். அதுவும் நீங்க நெய்ஞ்சதுதானே."

எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. கிழிக்க விடாதது. ஈடு இல்லை என்று சேட்டு சொன்னது. அந்தக் கோழிக்கால் எழுத்தில் ஒரு எழுத்துகூடக் குத்தல் இல்லை. என் ஆயுசில் என் கைவேலைக்கு வார்த்தையில் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதைத்தான் நாலைந்து மாதமாக உத்தரத்துச் சந்தில் செருகி வைத்துவிட்டு, எழுதியவனை நான் கரித்துக்கொண்டிருந்தேன். தன் ஒரே நல்ல சேலையைக் கொடுத்தவள், அது என்ன ஆயிற்று என்று இரண்டு தடவை என்னிடம் கேட்டாள். இரண்டு தடவையும் நான் அவள் வாயை அடைத்தேன். அதற்காக ஒரு நாள் அவளைப் பட்டினியும் போட்டேன்.

முக்காலியைப் போட்டு ஏறிப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். கார்டை அவளிடம் காட்டி, "அவன் எழுதியிருந்தான். நான்தான் சொல்லலை" என்றேன்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். நமஸ்காரத்திலிருந்து ஆரம்பித்து 'அவசியம் சொல்லவும்' வரைக்கும் ஒரு வரி விடாமல் படித்தேன். மாமியாரும் மருமகளும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். அவள் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் முகம் சிரித்தபடி இருந்தது. அப்போதுகூட, அந்த நிமிஷத்திலும்கூட, எனக்குள் ஒரு மூலை எரிந்தது என்பதை மறைக்கமாட்டேன். என் சேலையைப் போட்டுக்கொண்டு ஒருத்தி மணலில் தண்ணீருக்குப் போனதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். நான் பார்க்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அந்தப் பொறாமை ஆறவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கார்டை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"அவங்களுக்கு அந்தச் செவப்பு எடுப்பா இருந்துச்சாமா? அதைப் பத்தி எழுதியிருக்காருங்களா?"

கார்டைத் திரும்ப வாங்கி, தேடுகிற மாதிரிக் கண்ணை ஓட்டினேன். அப்படி ஒன்றும் அதில் இல்லை.

"எழுதியிருக்கான்" என்றேன். "ரெண்டு பேருக்கும் ரொம்ப எடுப்பா இருந்துச்சாம்."

சகலையின் கார்டில் இல்லாத ஒரு வரியை நான் சேர்த்துப் படித்தது அந்த ஒரு தடவைதான்.